கனவுப் பேனா வாங்கப் போறீங்களா? அந்த விலைக்குள்ள என்னென்ன இருக்குன்னு முதல்ல பிரிச்சுப் பார்ப்போம்



தூத்துக்குடிக் கடல் ரெண்டு பொருளுக்குப் பேர் போனது. ஒண்ணு உப்பு, இன்னொண்ணு முத்து. உப்பு இல்லாம ஒரு வேளை சாப்பாடு இறங்காது. ஆனா உப்பளத்துல வெயில்ல நின்னு வாருற அந்த உப்புக்கு என்னைக்குமே பெரிய விலை கிடைச்சதில்லை. முத்து இல்லாம ஆயுசு முழுக்க சந்தோஷமா இருக்கலாம். ஆனா அந்த முத்துக்காகத்தான் கொற்கைப் பாண்டியர்ல தொடங்கி போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு வரிசையா எல்லாரும் இந்தக் கரையைப் பிடிக்க வந்தாங்க.

ஒரு பொருள் எவ்வளவு தேவைங்கறதும், அது எவ்வளவு விலைங்கறதும் வேற வேற விஷயம். இதை எகனாமிக்ஸ் புத்தகத்துல படிக்கறதுக்கு முன்னாடியே எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

பேனாவும் அப்படித்தான். 10 ரூபாய் பால் பாயிண்ட் பேனா உப்பு மாதிரி. வேலை நடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஷோரூம் கண்ணாடிக்குள்ள வெல்வெட் மேல படுத்திருக்கிற ஃபவுண்டன் பேனா முத்து மாதிரி. அதுவும் எழுதத்தான் செய்யும், ஆனா விலை ஆயிரக்கணக்குல, சில சமயம் லட்சத்துல.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு, மூணு வருஷம் ஆன நிறைய பேருக்கு இந்த ஆசை இருக்கு. முதல் போனஸ், முதல் புரமோஷன், இல்ல அப்பா ரிட்டையர் ஆகுறப்போ ஒரு பரிசு. "சார், இவ்வளவு போட்டு ஒரு பேனா வாங்கலாமா? பின்னாடி விலை ஏறுமா?" இதுதான் கேள்வி.

வாங்காதீங்கன்னு சொல்ல நான் இதை எழுதலை. ஆடிட்டர்னாலே பச்சை மைப் பேனாவோட அலையறவங்கதானே, எங்களுக்கே பேனா ஆசை கொஞ்சம் ஜாஸ்திதான்! ஆனா ஒரு கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டை எப்படி ஐட்டம் ஐட்டமா பிரிச்சுப் பார்ப்போமோ, அப்படி ஒரு பேனாவோட விலையையும் பிரிச்சுப் பார்க்கலாம். அதுல அஞ்சு அடுக்கு இருக்கு. எந்த அடுக்குக்கு நீங்க காசு கொடுக்கறீங்கன்னு தெரிஞ்சு கொடுத்தா, அது செலவா இருந்தாலும் நல்ல செலவு.

அடுக்கு 1: எழுத்து

முதல் கேள்வி ரொம்ப சாதாரணமானது. பேனா நல்லா எழுதுதா?

ஃபவுண்டன் பேனாவுல எழுத்தைத் தீர்மானிக்கறது மூணு விஷயம். நிப்போட நுனி, நிப்புக்குக் கீழ இருக்கிற ஃபீட், இது ரெண்டும் சரியா பொருந்தியிருக்கறது. நுனியில ரொம்பச் சின்னதா ஒரு கடினமான உலோகக் குமிழ் ஒட்டியிருப்பாங்க. பேப்பர்ல உரசறது அதுதான். நிப் தங்கமா இருந்தாலும் ஸ்டீலா இருந்தாலும், பேப்பரைத் தொடறது அந்தக் குமிழ்தான். அதனால நல்லா டியூன் பண்ணின ஒரு ஸ்டீல் நிப், சரியா டியூன் பண்ணாத தங்க நிப்பை விட சுகமா எழுதும்.

எழுத்துங்கற இந்த ஒரு அடுக்குக்கு மட்டும்னா, சில நூறு ரூபாய்ல இருந்து சில ஆயிரத்துக்குள்ளேயே ரொம்ப நல்ல பேனா கிடைச்சுடும். அதுக்கு மேல நீங்க கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் அடுத்த நாலு அடுக்குக்குத்தான் போகுது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலே பாதி ஏமாற்றம் குறையும்.

அடுக்கு 2: பொருள்

"தங்க நிப் சார், அதான் விலை." இதை ஒரு கணக்காப் போட்டுப் பார்ப்போம்.

நகைக் கடையில நமக்குத் தெரிஞ்ச நம்பர் 916, அதாவது 22 காரட். பேனா நிப்புல நீங்க பார்க்கிற நம்பர் பெரும்பாலும் 585 இல்ல 750. 585ன்னா 14 காரட், நூத்துக்கு 58.5 பங்கு தங்கம். 750ன்னா 18 காரட், நூத்துக்கு 75 பங்கு. சுத்தத் தங்கம் ரொம்ப மெத்து, நிப்புக்கு வேண்டிய விறைப்பு வராது. அதனாலதான் கலப்பு.

ஒரு நிப்போட எடை ஒரு கிராம்னே தாராளமா வெச்சுக்குவோம். பல நிப்புகள் அந்த அளவுக்குக்கூட வராது. 14 காரட்னா அதுல சுத்தத் தங்கம் 0.585 கிராம். கணக்கு எளிசா இருக்க, சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய்னு வெச்சா, நிப்புல இருக்கிற தங்கத்தோட மதிப்பு 5,850 ரூபாய். இன்னைக்கு ரேட் என்னவோ அதைப் போட்டு நீங்களே கணக்குப் பண்ணிக்கலாம். இந்தக் கணக்குப்படி 60,000 ரூபாய் பேனாவுல தங்கம் பத்துல ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் ஏன் தங்கம்? பழைய காலத்து மைகள்ல அமிலத்தன்மை அதிகம். சாதாரண இரும்பு நிப்பை அது அரிச்சுடும், தங்கத்தை அரிக்காது. அப்படித்தான் தங்க நிப் வந்துச்சு. இன்னைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நல்லாவே தாங்குது. தங்க நிப்புல சில பேருக்குப் பிடிக்கிற ஒரு லேசான வளைவு கிடைக்கலாம். அது ருசி சம்பந்தப்பட்டது.

பேனாவோட உடம்புக்கும் இதே கணக்குதான். மோன்ப்ளாங்க் தன்னோட கருப்பு உடம்பை விலைமதிப்பான ரெசின்னு சொல்லி விற்குது. ரெசின்னா ஒரு வகைப் பிளாஸ்டிக் குடும்பம்தான். நல்ல தரம், நல்ல பாலிஷ், சந்தேகமில்லை. ஆனா மூலப்பொருளோட விலை அந்தப் பேனாவோட விலையில ஒரு சின்னத் துண்டு.

ஆக, தங்கம் இருக்கறதால இது தங்கத்துல முதலீடுன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. தங்கம் வேணும்னா தங்கத்தையே வாங்கலாமே.

அடுக்கு 3: கை வேலை

எனக்கு ரொம்பப் பிடிச்ச அடுக்கு இது. இதுக்காக ஹாம்பர்க் வரைக்கும் போக வேண்டாம், திருவள்ளூர் போதும்.

திருவள்ளூர்ல ரங்கா பேனாக்கள் கையால செய்யறாங்க. எபோனைட்னு ஒரு பொருள் இருக்கு. ரப்பரோட கந்தகம் சேர்த்து சூடுபடுத்திக் கெட்டியாக்கினது. அந்தத் தடியைக் கடைசல் இயந்திரத்துல பொருத்தி, ஒவ்வொரு பேனாவா கடைஞ்சு, மறை போட்டு, பாலிஷ் பண்றாங்க. வெளிநாட்டுல இருக்கிற பேனாப் பிரியர்கள் இதைத் தேடி வாங்கறாங்க. நம்ம ஆள் பல பேருக்கு இப்படி ஒண்ணு இங்க இருக்கறதே தெரியாது.

ஆந்திராவுல ராஜமுந்திரியில ரத்னம் பேனா. எங்க ஊர் வ.உ.சி. கப்பலுக்கு என்ன செஞ்சாரோ, அதை ரத்னம் பேனாவுக்கு செஞ்சார்னு சொல்லலாம். வெளிநாட்டுப் பேனாவுக்கு பதிலா சுதேசிப் பேனா. அவர் செஞ்ச பேனாவை காந்தி வாங்கி எழுதிப் பார்த்துட்டு, கடையில விக்கிற வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றுன்னு 1935-ல பாராட்டிக் கடிதமே எழுதினார்.

ஜப்பான்ல இந்தக் கை வேலை இன்னொரு உச்சத்துக்குப் போகுது. பேனா உடம்பு மேல அரக்குப் பூச்சு பல தடவை பூசிக் காயவெச்சு, அதுல தங்கத் தூளால படம் வரையறாங்க. மாகி-எ ன்னு பேரு. இன்னொரு வகை ராடென். சிப்பியோட உள்பக்கத்துல மினுமினுன்னு இருக்குமே, அந்தப் பளபளப்பை மெல்லிசா சீவி அரக்குக்குள்ள பதிப்பாங்க. தூத்துக்குடிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. முத்துச்சிப்பிக்குள்ள ஒரு உறுத்தல் வந்தா, சிப்பி அதைச் சுத்திப் படலம் படலமா போர்த்துறதுதான் முத்து. அந்தப் படலமும் சிப்பியோட உள்பக்கப் பளபளப்பும் ஒரே பொருள்தான். சிப்பியோட சுவர்ல இருந்தா கிளிஞ்சல், உருண்டையா இருந்தா நகை!

கை வேலைக்குக் கொடுக்கிற காசு ஒரு மனுஷனோட நேரத்துக்குப் போகுது. திருவள்ளூர்ல சில ஆயிரத்துல இருந்தே இந்த அடுக்கு உங்களுக்குக் கிடைக்கும். ஜப்பான் அரக்குப் பேனான்னா அது லட்சத்தையும் தாண்டும். ரெண்டுமே நேர்மையான விலைதான்.

அடுக்கு 4: அரிது

இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

வலம்புரிச் சங்கு பார்த்திருப்பீங்க. சாதாரண சங்கும் அதுவும் ஒரே இனம், ஒரே ஓடு, ஒரே கடல். சுழி மட்டும் வழக்கத்துக்கு எதிர்ப்புறமா இருக்கும். அந்த மாதிரி லட்சத்துல ஒண்ணு கிடைக்கும்னு கரையில சொல்லுவாங்க. பொருள்ல எந்த வித்தியாசமும் இல்லாம, அரிதா இருக்கறதாலயே விலை பல மடங்கு. உடனே என்ன நடக்கும்? போலி வரும். வெளிநாட்டுக் கடல்ல ஒரு வகைச் சங்கு, பிறப்புலேயே எல்லாமே அந்தப் பக்கம்தான் சுழிக்கும். அதைக் கொண்டுவந்து வலம்புரின்னு விக்கறாங்க. அரிதுக்கு விலை இருக்கிற இடத்துல எல்லாம் இந்த வியாபாரம் கூடவே வரும். பிரபல பிராண்டுப் பேனாக்களுக்கும் அச்சு அசலா போலிகள் ஏராளம்.

சங்கோட அரிது இயற்கை தந்தது. பேனாவோட அரிது கம்பெனி முடிவு பண்றது. இத்தனைதான் செய்வோம்னு ஒரு நம்பர் போட்டு லிமிடெட் எடிஷன்னு பேர் வெப்பாங்க.

நம்ம நாட்டுல நடந்த பெரிய உதாரணம், 2009-ல மோன்ப்ளாங்க் வெளியிட்ட மகாத்மா காந்தி பேனா. தண்டி யாத்திரையோட தூரம் 241 மைல்ங்கற கணக்குல 241 பேனா. 18 காரட் நிப்புல காந்தி கைத்தடியோட நிக்கிற உருவம். ஒரு பேனா விலை சுமார் 11.39 லட்சம் ரூபாய். எளிமைக்குப் பேர் போன மனுஷர் பேர்ல இவ்வளவு விலையில ஒரு பேனாவான்னு பெரிய சர்ச்சை ஆச்சு. காந்தி பேரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமான்னு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போச்சு. 2010-ல இந்தியாவுல விற்பனையை நிறுத்தினாங்க.

ஒரு நிமிஷம் யோசிங்க. காந்தி நல்லா இருக்குன்னு பாராட்டினது ராஜமுந்திரி பேனா. காந்தி பேர் போட்டு 11 லட்சத்துக்கு வந்தது ஹாம்பர்க் பேனா. எழுத்துங்கற அடுக்குல ரெண்டுக்கும் இவ்வளவு தூரம் இருக்க வாய்ப்பே இல்லை. நடுவுல இருக்கிற தூரம் முழுக்க கை வேலை, அரிது, பேர்.

சரி, அரிதான பொருள் விலை ஏறும்தானே? சில சமயம் ஏறும். ஆனா அரிதுங்கறது யார் கையில இருக்குன்னு பாருங்க. உங்க கையில இல்லை. இதுக்கு எங்க முத்தே சாட்சி.

ஆங்கிலேயர் காலத்துல முத்துக்குளிப்பு நடக்கிறப்போ கரையே திருவிழாவா இருக்கும். கடலுக்கடியில இருக்கிற பார்கள்ல இருந்து அள்ளிட்டு வந்த சிப்பியைப் பங்கு பிரிப்பாங்க. ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிக்கிறவங்களுக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க, சிப்பியைத் திறக்காமலே. முன்கூட்டி மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து மதிப்புப் போட்டிருப்பாங்கதான். ஆனா உங்க கைக்கு வர்ற ஆயிரத்துல என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது. சில பேர் பணக்காரர் ஆனாங்க, பல பேர் நாத்தத்தோட வீட்டுக்குப் போனாங்க.

அந்தக் காலத்துல முத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு புரிய ஒரு கணக்கு. 1917-ல நியூயார்க்ல கார்ட்டியே நகைக் கம்பெனி, ஃபிஃப்த் அவென்யூவுல ஒரு மாளிகையையே ஒரு முத்து மாலைக்கு பதிலா வாங்குச்சு. ரெண்டு சரம் இயற்கை முத்து, அன்னைக்கு மதிப்பு 10 லட்சம் டாலர். அந்த அம்மா இறந்த பிறகு 1957-ல அந்த முத்து ஏலத்துக்கு வந்தப்போ கிடைச்சது சுமார் ஒன்றரை லட்சம் டாலர்தான். கட்டடம் இன்னைக்கும் அதே இடத்துல நிக்குது.

நடுவுல என்ன ஆச்சு? ஜப்பான்ல மிகிமோட்டோ 1893-ல சிப்பிக்குள்ள மனுஷனே கருவை வெச்சு அரை வட்ட முத்து வளர்த்துக் காட்டினார். 1920-கள்ல உருண்டையான வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துடுச்சு. வெளிய இருந்து பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்லணும். கூடவே 1930-கள்ல பொருளாதார மந்தம். அரிதுங்கற அடுக்கு அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. தூத்துக்குடிக் கரையோரம் பெரிய அளவுல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல. அப்புறம் 1973-ல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இதே தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினாங்க.

இன்னைக்கும் பெரிய இயற்கை முத்து ஏலத்துக்கு வந்தா நல்ல விலை போகுது. அதனால அரிது எப்பவும் பொய்ன்னு நான் சொல்லலை. அது ஏறும், இறங்கும், உங்களைக் கேட்டுட்டு நடக்காது. விலை ஏறும்னு நம்பி லிமிடெட் எடிஷன் பேனா வாங்கறது, திறக்காத சிப்பியை ஏலம் எடுக்கிற மாதிரிதான். அதுக்குத் தனி மனுஷங்க இருக்காங்க, தனிப் பணம் இருக்கு. மாசச் சம்பளம் அதுக்கானது இல்லை.

அடுக்கு 5: பேர்

கம்பெனி கணக்குல குட்வில்னு ஒரு ஐட்டம் வரும். கட்டடம், மெஷின், சரக்கு எல்லாத்தோட மதிப்பையும் கழிச்ச பிறகும் வாங்கறவர் கூடுதலா கொடுக்கிற தொகை. பேனாவுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. மூடி மேல வெள்ளை நட்சத்திரம், நிப்புல 4810ன்னு எண். அது மோன் ப்ளாங்க் மலையோட உயரம், மீட்டர்ல. மீட்டிங் டேபிள் மேல அதை வெச்சா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

இதுக்குக் காசு கொடுக்கறது தப்பே இல்லை. கிளையன்ட்டை நேர்ல பார்த்துப் பேசற வேலையில அந்தத் தோரணைக்கு ஒரு பயன் இருக்கலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த அடுக்கு வேலை செய்யணும்னா எதிர்ல இருக்கிறவருக்கு அந்த பிராண்ட் தெரிஞ்சிருக்கணும். தெரியாதவருக்கு அது ஒரு கருப்புப் பேனா. நாம எல்லாத்தையும் இ-சைன் பண்ணி, யுபிஐ-ல பணம் கட்டற காலத்துல, உங்க பேனாவை ஒரு மாசத்துல எத்தனை பேர் பார்ப்பாங்கன்னு எண்ணிப் பாருங்க.

மூணு விலை

அஞ்சு அடுக்கும் புரிஞ்சுதுன்னா, ஒரே பேனாவுக்கு மூணு விலை இருக்கறது தெரியும்.

ஒண்ணு, வாங்கற விலை. இதுக்குள்ள வரி, ஷோரூம் வாடகை, விளம்பரம், டீலர் கமிஷன் எல்லாம் அடக்கம்.

ரெண்டு, விற்கப் போனா கிடைக்கிற விலை. வரியும் வாடகையும் கமிஷனும் உங்களுக்குத் திரும்பி வராது. அதனால சாதாரண மாடல்கள் கடையை விட்டு வெளிய வந்ததுமே இறங்கிடும். பெட்டி, பில், வாரன்டி கார்டு இல்லைன்னா இன்னும் இறங்கும்.

மூணு, உங்க கையில இருக்கிற மதிப்பு. இதுக்கு மார்க்கெட் கிடையாது. அப்பா கையெழுத்துப் போட்ட பேனாவுக்கு என்ன ரேட்டு?

முதல் ரெண்டு விலைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் நீங்க உண்மையில செய்யற செலவு. மூணாவது மதிப்பு அந்த வித்தியாசத்தை விடப் பெருசா இருக்கான்னு நீங்க மட்டும்தான் சொல்ல முடியும். இருந்தா வாங்குங்க. இல்லைன்னா ஷோரூம் ஏசியில கொஞ்ச நேரம் நின்னுட்டு வெளிய வந்துடுங்க.

வரியைப் பத்தி ஒரு வார்த்தை. சொந்தப் பயன்பாட்டுக்கு வெச்சிருக்கிற சாதாரணப் பேனா, வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துக் கணக்குல வராது. லாபத்துக்கு வித்தாலும் பொதுவா அதுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டத்துக்கு வித்தா அதை வேற லாபத்தோட கழிச்சுக்கவும் முடியாது. உடம்பே தங்கத்துல, வைரம் பதிச்சதுன்னா நகைன்னு கருத இடம் இருக்கு, அது வேற கதை. தொடர்ந்து வாங்கி வித்தா அது வியாபார வருமானம்.

எப்படிக் காசு சேர்க்கறது?

உங்க கனவுப் பேனா 60,000 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

வழி ஒண்ணு, கிரெடிட் கார்டு இஎம்ஐ. வருஷம் 16% வட்டி, 24 மாசம். மாசத் தவணை சுமார் 2,940 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 70,500. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா ஏறக்குறைய 72,400. பிராசஸிங் ஃபீஸ் தனி.

வழி ரெண்டு, ஆர்.டி. மாசம் 2,500 ரூபாய், 24 மாசம். நீங்க போட்டது 60,000. வட்டி 6.5%னா சுமார் 4,000 ரூபாய் கூட வரும். பேனாவும் வாங்கி, மை பாட்டிலும் நல்ல நோட்டும் வாங்கலாம்.

ரெண்டுக்கும் வித்தியாசம் சுமார் 16,000 ரூபாய். திருவள்ளூர்ல இன்னொரு நல்ல கைவேலைப் பேனாவுக்கு அதுவே போதும்.

ஆர்.டி.யில இன்னொரு லாபம் இருக்கு, அது பாஸ்புக்ல தெரியாது. ரெண்டு வருஷம் காத்திருந்த பிறகும் அதே பேனா வேணும்னு தோணிச்சுன்னா அது ஆசை. மூணாவது மாசமே மறந்துட்டீங்கன்னா அது இன்ஸ்டாகிராம். எமர்ஜென்சி ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் மூணும் இல்லாதவங்க இந்த ஆர்.டி.யைத் தொடங்கறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க. வீட்டுக்கு அனுப்பற பணத்துல கை வெச்சு எந்தப் பேனாவும் வாங்க வேண்டாம்.

"60,000-ஐ 20 வருஷம் 10% வளர்ச்சியில போட்டா 4 லட்சம் ஆகும், அதை விட்டுட்டுப் பேனாவா?" கணக்கு சரிதான். ஆனா இந்தக் கணக்கை எல்லாத்துக்கும் போட்டா ஞாயித்துக்கிழமை பிரியாணிகூட சாப்பிட முடியாது. முதலீட்டுக்கு ஒதுக்கின பணத்துல கை வைக்காம, செலவுக்கு ஒதுக்கின பணத்துல வாங்கறீங்கன்னா இந்தக் கேள்வியே எழாது.

தேர்ந்தெடுக்கறப்போ

முதல்ல ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு ஃபவுண்டன் பேனா வாங்கி மூணு மாசம் தினமும் எழுதுங்க. மை நிரப்பறது, கழுவறது, சட்டைப் பையில கறை படறது எல்லாம் பழகட்டும். அந்தப் பேனா ஒரு மாசத்துல மேஜை டிராயருக்குள்ள போயிடுச்சுன்னா, 60,000 ரூபாய் பேனாவும் அதே டிராயருக்குத்தான் போகும்.

தமிழ் எழுதறவங்க நிப் அளவைக் கவனிங்க. ண, ஞ, ஐ மாதிரி எழுத்துகள்ல சுழி அதிகம். தடிமனான நிப்னா சுழி எல்லாம் மையில அடைஞ்சுடும். ஃபைன் இல்ல மீடியம் எடுத்துக்கலாம். ஜப்பான் நிப்புகள் அதே பேர்ல ஐரோப்பிய நிப்புகளை விடக் கொஞ்சம் மெல்லிசா எழுதும்.

கடையிலேயே மை தொட்டு, உங்க பேரை, உங்க கையெழுத்தை, ஒரு முழுப் பத்தியை எழுதிப் பாருங்க. உங்க ஆபீஸ் பேப்பர் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க. சாதாரண ஜெராக்ஸ் பேப்பர்ல மை ஊறிப் பின்பக்கம் தெரியும். ஷோரூம் பேப்பர்ல எல்லாப் பேனாவும் அழகாத்தான் எழுதும்.

விலை உயர்ந்த பிராண்டுன்னா அங்கீகாரம் பெற்ற டீலர், பில், சீரியல் நம்பர், வாரன்டி கார்டு. பாதி விலைக்குப் புதுசுன்னு ஆன்லைன்ல வந்தா வலம்புரிச் சங்கை நினைச்சுக்குங்க. நம்பகமான ஆள்கிட்ட செகண்ட் ஹேண்ட் வாங்கறது நல்ல வழிதான். முதல் இறக்கத்தை வேற ஒருத்தர் தாங்கியிருப்பார். ஆனா நிப்போட ரெண்டு பல்லும் நேரா இருக்கா, மூடியில விரிசல் இருக்கான்னு பார்த்துத்தான் வாங்கணும்.

கடைசியா ஒரு வேலை. பேனா வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல அந்த அஞ்சு அடுக்கையும் வரிசையா எழுதுங்க. எழுத்து, பொருள், கை வேலை, அரிது, பேர். பேனாவோட விலையை இந்த அஞ்சுக்கும் உங்க மனசுப்படி பிரிச்சுப் போடுங்க. முதல் மூணு, நீங்க தனியா உட்கார்ந்து எழுதறப்பவும் உங்களோட இருக்கும். கடைசி ரெண்டும் மத்தவங்க நினைப்புல இருக்கு, அவங்க நினைப்பு மாறினா மதிப்பும் மாறிடும். பாதிக்கு மேல தொகை முதல் மூணுல விழுந்துச்சுன்னா தைரியமா ஆர்.டி. தொடங்குங்க. கடைசி ரெண்டுல விழுந்துச்சுன்னா இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போட்டுட்டு, மறுபடி அதே பேப்பரை எடுத்துப் பாருங்க.

அந்தக் கணக்கை எழுத 10 ரூபாய் பேனாவே போதும்.